எத்தனை குதிரை வேண்டும்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போவதாக வெளியில் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் எவராயினும் அவர் வாயிலிருந்து வரும் முதற்கேள்வி 'எத்தனை சிசி?' என்பதாகவே இருக்கும். எந்த ஆண்டில் செய்தது என்று கேட்கமாட்டார். அடித்தகடு துருப்பிடித்திருக்கின்றதா என்று கேட்கமாட்டார். பிரேக் பிடிக்குமா என்றுகூடக் கேட்கமாட்டார். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தை முதலில் விசாரிப்பது போன்ற வழக்கம் இது. சம்பளம் தெரிந்துவிட்டால் மற்றவை தாமே விளங்கிவிடும் என்பது அவர்களது துணிபு. எட்டு மாதங்கள் இந்தக் கேள்வியோடு நான் வாழ்ந்திருக்கின்றேன். ஆகவே அதைப்பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டென்று கருதுகின்றேன்.

பாடநூலில் 'மகிழுந்து' என்று இருக்கின்றது. மாணவர்க்கும் அவ்வாறே கற்பித்து வருகின்றேன். வீட்டிலும் கடைத்தெருவிலும் நாம் 'காடி' என்கின்றோம். இக்கட்டுரையில் 'கார்' என்றே எழுதியிருக்கின்றேன். மொழிக்காவலர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் தேடிய கார் இத்தாலி நாட்டு ஆல்பா ரோமியோ நிறுவனத்தின் ஜிடி என்னும் இருகதவுக் கார். 1963ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் உடலை வரைந்தவர் ஜியார்ஜெட்டோ ஜியூஜியாரோ. பெர்ட்டோனே என்னும் வண்டியுடல் நிறுவனத்தில் அவர் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தார், வயது 25. அந்த வயதில் நானெல்லாம் பயிற்சி முடித்துவந்து, கரும்பலகையில் கோடு கோணாமல் எழுதவே பழகிக்கொண்டிருந்தேன். அவர் வரைந்த அந்த வடிவம் பெரிய மாற்றம் இன்றி 1976 வரை விற்பனையில் இருந்தது. ஆனால் உடல் ஒன்றாக இருந்தபோதிலும் உள்ளே வைத்த எஞ்சின் ஒன்றாக இருக்கவில்லை. முதலில் 1570 கன சென்டிமீட்டர், 1966இல் 1290, அதன்பின் 1779, 1971இல் 1962. சிறிய எஞ்சின் வைத்த காருக்கு 'ஜூனியர்' என்று பெயரிட்டார்கள். 1972இல் 1570 எஞ்சினுக்கும் அந்த ஜூனியர் பட்டம் வந்து சேர்ந்தது. ஆக, ஒரே சட்டையை நால்வர் அணிந்து நிற்கின்றனர். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதே சிக்கல்.

கன அளவு என்பது யாது? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலிற் சொல்லிக்கொடுத்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவனை அழைத்துச் செல் என்பது. காப்பிக் கடைகளில் காணும் கெட்டிப்பால் டின்னை எண்ணிக்கொள்ளுங்கள். எஞ்சினின் உருளையும் அதுபோன்ற ஒரு டின்தான். அதனுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகின்றது. உருளையின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் வீச்சும் தெரிந்தால், வட்டத்தின் பரப்பைக் கண்டு வீச்சால் பெருக்கவேண்டியதுதான். ஜூனியரின் உருளைக்கு விட்டம் 74 மில்லிமீட்டர், வீச்சு 75. பெருக்கிப் பார்த்தால் ஓர் உருளைக்கு ஏறக்குறைய 322 கன சென்டிமீட்டர் வரும். நான்கு உருளைகளுக்கு 1290. இது பால் டின்னைவிடச் சற்றே சிறியது. 1962 எஞ்சினுக்கு விட்டம் 84, வீச்சு 88.5, ஓர் உருளை 490. பால் டின்னைவிட இது நன்றாகவே பெரியது. டின் பெரிதானால் ஒவ்வொரு தடவையும் எரியும் கலவை மிகுகின்றது, இழுவை மிகுகின்றது. சிறிய டின்னைக் கொண்டு அதே வேலையைச் செய்ய வேண்டுமெனில் இன்னும் விரைவாகச் சுழற்ற வேண்டும். இவ்வளவுதான் இதன் தத்துவம். நான்கு எஞ்சின்களிலும் மற்றவையெல்லாம் ஏறத்தாழ ஒன்றே: அலுமினிய வார்ப்பு, சங்கிலியால் ஓடும் இரண்டு கேம் தண்டுகள், இரட்டைக் கார்புரேட்டர்கள், ஐந்து கியர்கள். 1290க்கு ஏறக்குறைய 90 குதிரைத்திறன், 1570க்கு நூற்றைச் சற்றுத் தாண்டும், 1962க்கு 130.

ஆனால் நம் நாட்டில் 'எத்தனை சிசி?' என்று கேட்பவர் உருளையின் கணிதத்தைக் கேட்கவில்லை. அவர் கேட்பது சாலை வரி. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1921 முதல் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுன் என வரி வாங்கினார்கள். அந்தக் குதிரையை உண்மையில் அளந்து பார்க்கவில்லை. உருளையின் விட்டத்தைக் கொண்டு ஒரு வாய்பாட்டினாற் கணக்கிட்டார்கள். பிஸ்டனின் வீச்சு அந்த வாய்பாட்டில் இடம்பெறவேயில்லை. வரி கட்டுகின்றவன் விடுவானா? விட்டத்தைக் குறுக்கி வீச்சை நீட்டினான். 1945இல் வெளிவந்த எம்ஜி டிசி காரின் எஞ்சினுக்கு விட்டம் 66.5 மில்லிமீட்டர், வீச்சு 90. இளமையில் அவ்வூர் இளைஞர் பலரின் உள்ளத்தைக் கவர்ந்த அந்தக் கார், ஒரு வரி அலுவலரின் வாய்பாட்டைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டுதான் ஓடிற்று. 1940களின் பிற்பகுதியில் அந்த வரி நீங்கியது. ஒரு சட்டம் இரும்பின் உருவத்தையே மாற்றிவிடும் என்பதை வரலாற்றுப் பாடத்தில் எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மலேசியாவில் விட்டத்தோடு வீச்சும் கணக்கில் சேரும். தீபகற்பத்தில் தனியார் காருக்குரிய அட்டவணைப்படி 1290க்கு 70 வெள்ளி. 1570க்கு 90 வெள்ளி. 1600ஐத் தாண்டியதும் படிக்கட்டு செங்குத்தாகிவிடுகின்றது: 1779க்கு 271 வெள்ளி 60 சென், 1962க்கு 361 வெள்ளி. மூவாயிரத்தைத் தாண்டினால் அடிப்படைத் தொகையே இரண்டாயிரத்து நூற்றுமுப்பது வெள்ளி. அதற்குமேல் ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி. பழங்காலக் கார்களுக்கெனத் தனிப்பதிவும் சலுகையும் உள்ளன. அவற்றிற்குரிய கட்டுப்பாடுகளும் உள்ளன. நான் சாதாரணப் பதிவையே எண்ணியிருந்தேன். 2023 முதல் சாலை வரிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டவேண்டியதில்லை. அதற்கு முன்பு, ஒருவர் காரின் முன்கண்ணாடியை எட்டிப் பார்த்தால் எஞ்சினின் அளவும் கட்டிய தொகையும் தெரிந்துவிடும். கோவில் திருவிழாவில் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, யார் எவ்வளவு கட்டியிருக்கின்றார் என்று படித்துக்கொண்டே போகும் பெரியவர்களை நான் அறிவேன். 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது 'ஒன் பாயிண்ட் த்ரீ' என்ற சொல் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அடுத்து 'ஒன் பாயிண்ட் பைவ்' வந்ததும், முன்னதை வாங்கியவர்கள் மனம் சிறிது சோர்ந்ததும் உண்மை. சிங்கப்பூரிலும் கார் உரிமச் சான்றிதழின் முதற்பிரிவுக்கு 1600 என்னும் அதே எல்லைக்கோடு இருக்கின்றது. ஒரே ஒரு சிசி மிகுந்தாலும் வேறு உலகம்.

பெரியது நல்லது என்ற எண்ணத்திற்கு மறுமொழியாக எம்ஜி நிறுவனத்தின் ஒரு கதையைச் சொல்லலாம். எம்ஜிபி என்னும் கார் 1962இல் பிறந்தது. 1798 கன சென்டிமீட்டர். இலகுவாகத் திரும்பும், எளிதில் பழுதுபார்க்கலாம், பெயரும் பெற்றது. 1967இல் அதே உடலுக்குள் ஆறு உருளை கொண்ட 2912 எஞ்சினை நுழைத்து எம்ஜிசி என்று பெயர் வைத்தார்கள். எஞ்சினின் எடை முன்பக்கம் அழுத்திற்று. வளைவில் திருப்பினால் கார் நேராகவே போகப் பார்த்தது. எழுதுவோர் குறை கூறினர், வாங்குவோர் தயங்கினர், இரண்டே ஆண்டுகளில் 1969இல் நின்றுபோயிற்று. நம் அட்டவணைப்படி முன்னதற்கு 279 வெள்ளி 20 சென். பின்னதற்கு 1,910 வெள்ளி. ஏழு மடங்கு வரி கட்டி மோசமான திருப்பத்தைப் பெறுவது எப்படிப்பட்ட வாணிகம்!

ஆல்பாவின் 1962 எஞ்சினுக்கு அந்தக் குறை இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வார்ப்பு ஏறத்தாழ ஒரே அளவானது. அலுமினியமாதலால் எடை கூடவில்லை. அதை ஓட்டியவர்கள் இழுவையைப் புகழ்கின்றார்கள். புகழ்ச்சி பொய்யன்று. கெந்திங் மலைச்சாலையில் மூன்றாம் கியரிலேயே ஏறிப் போகும் என்கின்றார்கள். ஜூனியரில் அங்கே இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே கை ஓயாமல் உழைக்க வேண்டும். ஆனால் பந்தயங்களில் பெயர் பெற்றது பெரிய எஞ்சின் மட்டுமன்று. 1570 எஞ்சினோடு எடையைக் குறைத்துச் செய்த ஜிடிஏ காரைக் கொண்டுதான் ஆந்திரேயா தெ அடாமிச் 1966லும் 1967லும் ஐரோப்பியப் பந்தயப் பட்டத்தை வென்றார். தகரத்தைக் கழித்து அலுமினியத் தகட்டைப் போர்த்தினார்கள். அதுதான் அவர்கள் கண்ட சூட்சுமம்.

நம் சாலைகளுக்கு வருவோம். என் வீடு கிள்ளானில். உறவினரும் நண்பரும் பிரிக்பீல்ட்சில். இரண்டையும் இணைப்பது கூட்டரசு நெடுஞ்சாலை. பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் சாவடியில் நின்று காசு கொடுத்துக்கொண்டிருந்த காலம் 2018இன் முதல் நாளோடு முடிந்தது. சாவடி போயிற்று; நெரிசல் போகவில்லை. மாலை ஐந்தரை மணிக்குக் கோத்தா டாருல் ஏசான் வளைவின் கீழ் நின்றுகொண்டிருக்கும் காருக்கு 90 குதிரைகள் இருந்தால் என்ன, 130 இருந்தால் என்ன? எல்லாக் குதிரைகளும் ஒரே இடத்தில் நின்று புல் தின்கின்றன. நெரிசல் இல்லாத நேரத்திலும், வேகவரம்பு மிகுந்த நெடுஞ்சாலையில்கூட 110 கிலோமீட்டருக்குமேல் போக முடியாது. ஜூனியர் மணிக்கு 170ஐத் தொடும். பெரியது 200ஐ நெருங்கும். அந்த வேறுபாடு முழுவதும் சட்டத்திற்கு அப்பாற்பட்ட பகுதியிலேயே இருக்கின்றது. பத்து தீகாவில் 1968இல் பந்தயத் தடம் திறந்தபோதாவது அந்த வேகத்திற்கு ஓர் இடம் இருந்தது. அந்தத் தடமும் இன்று இல்லை; செப்பாங் தடம் வேறு திசையில், நெடுந்தொலைவில்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் பள்ளிக்கு அன்றாடம் ஓட்டிச் செல்வது பழைய மைவி. 2005இல் வந்த முதல் மைவி 1.3 காரின் குதிரைத்திறன் ஏறக்குறைய 86. அதாவது 1966இல் மிலான் நகரத்தார் அந்தக் குட்டி எஞ்சினிலிருந்து எடுத்த ஆற்றலை, நம் ரவாங் தொழிற்சாலை மைவியில் நாம் காண 39 ஆண்டுகள் ஆயின. இதைச் சொன்னதும் என் மகன், "அப்படியானால் அப்பா, மைவி விலை கொடுக்காமல் மைவியையா வாங்கப் போகிறீர்கள்?" என்றான். அவன் பொறியியல் படிப்பவன். 2000 தான் வாங்கவேண்டும் என்பது அவன் கட்சி. என் மனைவியின் தம்பியும் அவனோடு சேர்ந்துகொண்டான். "மாமா, விற்கிறப்போ பெரியதுக்குத்தான் விலை. ஜூனியர்னு சொன்னா யாரு மதிப்பா? அதுவும் தலைமையாசிரியர் ஜூனியர்ல போனா!" என்று சிரித்தான்.

அவன் வேடிக்கையாகச் சொன்னதில் ஒரு முள் இருந்தது. என் பள்ளி பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளி. மண்டபத்தின் கூரையை மாற்றவேண்டி மூன்று ஆண்டுகளாக நன்கொடை திரட்டிவருகின்றோம். ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடைகடையாக நான் ஏறி இறங்கியிருக்கின்றேன். நகைக்கடைக்காரரும் துணிக்கடைக்காரரும் எழுந்து நின்று, "வாங்க சார்" என்று வரவேற்றுக் கொடுக்கின்றார்கள். அவர்கள் கொடுப்பது எனக்கன்று, பிள்ளைகளுக்கு. ஆயினும் கொடுக்கின்ற கை, வாங்குகின்றவன் எதில் வந்து இறங்கினான் என்பதைப் பார்க்கத்தான் செய்யும். சிவப்பு நிற இத்தாலியக் காரில் வந்திறங்கி, 'கூரை ஒழுகுகின்றது' என்று கூற எனக்கு நா எழுமா? இந்தக் கேள்வி என் உறக்கத்தைப் பல இரவுகள் கெடுத்தது. காருக்கென இருந்த பணமோ தூய பணம். முப்பது ஆண்டுகளாகத் தேர்வுத்தாள் திருத்தியதற்கும் பயிற்சி நூல்கள் எழுதியதற்கும் கிடைத்த சிறுசிறு தொகைகளை என் மனைவி தனிக்கணக்கில் போட்டுவைத்திருந்தாள். "இது உங்க ஆசைக்குன்னு வெச்சது. கூரைக்கு வேற வழி பாருங்க" என்பது அவளுடைய தீர்ப்பு. ஆனால் அந்தக் கணக்கு முழுவதையும் கரைத்தால்தான் 2000 கிடைக்கும். ஜூனியருக்கு ஏறத்தாழப் பாதி போதும். மிச்சம் இருக்கும் பாதி, நான்கு ஆண்டுகளில் வரப்போகும் பணி ஓய்வுக்கும், இடையில் வரக்கூடிய நோய்நொடிக்கும் துணை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் தந்தையார் காப்பார் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் லாரி ஓட்டுநர். பால் ஏற்றிச் செல்லும் லாரி. 1970களில் அத்தோட்டத்துத் துரையிடம் திறந்த கார் ஒன்று இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் அது செம்மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்போது நாங்கள் வரிசைவீட்டு வாசலில் நின்று பார்ப்போம். பிள்ளைகள் எல்லாரும் காரைப் பார்த்தோம். என் தந்தையார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மூணாவது உருளை சரியா எரியல" என்பார். எஞ்சினைக் கண்ணால் பார்ப்பவன் வாங்குபவன், காதால் பார்ப்பவன் ஓட்டுபவன் என்று அவர் சொல்வதுண்டு. அவர் ஆயுளில் சொந்தமாகக் கார் வாங்கியதில்லை. துரையின் காருக்கு எத்தனை சிசி என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கின்றேன்.

கிள்ளானிலேயே ஒரு 2000 விற்பனைக்கு வந்தது. மேரு சாலையை அடுத்த ஒரு கிடங்கில் நின்றது. வண்ணம் புதியது, இருக்கை புதியது, எஞ்சினைக் கிளப்பியதும் நெஞ்சில் ஒரு அதிர்வு. மகன் முகம் மலர்ந்தது. நாங்கள் துணைக்கு அழைத்துச் சென்றிருந்தவர் வயது முதிர்ந்த பட்டறைக்காரர். இளமையில் துறைமுகத்தில் வேலை பழகியவர். நான் அவரை அண்ணே என்று அழைப்பேன். அவர் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர், ஆயினும் என்னைச் சார் என்பார். அவர் எஞ்சினின் ஓசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கைவிளக்கை வாங்கிக்கொண்டு குனிந்தார். வார்ப்பின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். "சார், கிராண்ட்ட படிங்க" என்றார். கிராண்ட் என்று நாம் வழங்கும் உரிமைப் பத்திரத்தில் எஞ்சின் எண் 00530 என்று தொடங்கிற்று. கன அளவு 1290 என்றிருந்தது. வார்ப்பிலோ 00512. முன்னது ஜூனியருக்குரிய எண், பின்னது 2000க்குரியது. பிறந்தபோது ஜூனியராக இருந்த காருக்கு எவரோ பெரிய எஞ்சினை மாற்றிப் பொருத்தியிருக்கின்றார்கள். பத்திரத்தில் மாற்றம் இல்லை. விற்பவர் சற்றும் அசையவில்லை. "நல்லதுதானே சார்? ஓடுறது ரெண்டாயிரம், ரோட் டாக்ஸ் எழுபது வெள்ளி. எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார்.

உலகெங்கும் இந்த மாற்றம் நடப்பதுண்டு. பொருத்துவது எளிது, ஒரே குடும்பத்து எஞ்சின். சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் பெற்றுப் பத்திரத்தில் பதிந்து செய்தால் அதில் தவறில்லை. பதியாமல் ஓட்டினால் உரிமை மாற்றத்திற்கு முந்திய சோதனையிலேயே எண் இடிக்கும். சோதனையை எப்படியோ தாண்டினாலும், நாளை ஒரு விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரர் பத்திரத்தையும் வார்ப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அடிபட்டவர் குடும்பத்திற்கு யார் விடை சொல்வது? ஆண்டுக்கு 291 வெள்ளியை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு பொய்யை என் கையெழுத்தின் கீழ் வைத்துக்கொள்ள வேண்டும். மாணவன் ஒருவன் மதிப்பெண் அட்டையில் 49ஐ 79 ஆக்கினால் பெற்றோரை அழைத்து வரச் சொல்கின்றேன். வாயிலை விட்டு வெளியே வரும்வரை மகன் பேசவில்லை. பிறகு, "அந்த எண்ணை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாதுப்பா" என்றான். பட்டறை அண்ணன் அவனுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். ஒரு பொறியியல் மாணவன் கவனமாகக் கேட்டு நடந்ததைக் கண்டது அந்த நாளின் நல்ல பகுதி.

ஜூனியருக்கு எதிராகவும் ஒரு வலுவான வாதம் இருந்தது. அதை எழுப்பியவள் என் மனைவி. அவளுக்குக் குதிரைத்திறனில் அக்கறை இல்லை. "குளிர்சாதனம் உண்டாங்க?" என்றாள். இத்தாலியில் இந்தக் கேள்வி எழாது. பிரிக்பீல்ட்சில் நண்பகல் இரண்டு மணிக்கு எழத்தான் செய்யும். குளிர்சாதனம் பொருத்தலாம். ஆனால் அதன் அழுத்தக் கருவி எஞ்சினிலிருந்துதான் விசையை எடுத்துக்கொள்ளும். 1962 எஞ்சினுக்கு அது பொருட்டன்று. 1290க்கு அது முதுகில் ஏறிய மூட்டை. நெரிசலில் நிற்கும்போது எஞ்சினின் சூடும் ஏறும். நடுவில் இருக்கும் 1570தான் நம் ஊருக்குப் பொருத்தமானது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். வரி 90 வெள்ளி. குளிர்சாதனத்தையும் ஓரளவு தாங்கும். 1600 என்னும் எல்லைக்கோட்டிற்கு முப்பது சிசி உள்ளேயே நிற்கின்றது. இன்றைக்கும் ஒருவர் வந்து கேட்டால் அதையே சொல்வேன். ஆனால் சந்தையில் அது கிடைக்க வேண்டுமே! ஆறு மாதங்களில் இரண்டே இரண்டைக் கண்டேன். ஒன்றின் அடித்தகட்டில் கால் வைத்தால் சாலை தெரிந்தது. மற்றொன்றை நான் போய்ச் சேருமுன் எவரோ வாங்கிவிட்டார். பழைய கார் வாங்குபவன் அட்டவணையிலிருந்து தேர்ந்தெடுப்பதில்லை. எதிரே வந்து நிற்பதிலிருந்துதான் தேர்ந்தெடுக்கின்றான்.

எதிரே வந்து நின்றது பிரிக்பீல்ட்சில். துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறம், பழைய வீடு ஒன்றின் கொட்டகையில். வீட்டுக்காரர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத் தமிழர். காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய மனைவியார் கதவைத் திறந்துகொண்டே, "வாங்கோ மாஸ்டர்" என்றார். "அவர் ஞாயிறு காலமைதான் இதை எடுக்கிறவர். மற்ற நாளெல்லாம் ரெயில்தான்" என்றார். 1290 ஜூனியர். வண்ணம் மங்கியிருந்தது. இருக்கையின் ஓரத்தில் கிழிசல். பட்டறை அண்ணன் கம்பளத்தைத் தூக்கினார். கதவின் கீழ்ப்பகுதிகளைத் தட்டிக்கொண்டே போனார். சக்கரத்தின் உட்புறங்களை விரலால் தடவினார். தகரம் கணீரென்று ஒலித்தது. இந்த நாட்டு ஈரத்தில் ஐம்பது ஆண்டு நின்ற காருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று இல்லை. எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்டுவிடலாம். எந்த அளவு எஞ்சினுக்கும் பிஸ்டனும் உறையும் இன்றும் கிடைக்கின்றன. உளுத்துப்போன உடலைச் செப்பனிடுவது தனி வேள்வி. அதில் நெய்யாக உருகுவது நம் பணம். எண்ணைப் பார்த்தோம்: வார்ப்பிலும் 00530, பத்திரத்திலும் 00530.

எஞ்சினைக் கிளப்பினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான்கும் எரிந்தன. மேலே சங்கிலியின் சலசலப்பு சற்று மிகுதி. அது இறுக்கினால் அடங்கும் என்றார் அண்ணன். அந்த அம்மையார் கேட்ட விலை நியாயமானது, பேரம் பேசவில்லை. கணவரின் கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார். எண்ணெய் மாற்றிய நாள், பிளக் மாற்றிய நாள், மைல் கணக்கு எல்லாம் நீல மையில், ஒரு வரியும் தவறாமல் எழுதப்பட்டிருந்தன. என் ஆசிரியர்களின் பாடக்குறிப்புகளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டிற்கு ஓட்டி வந்தபோது இரவு எட்டு மணி. பங்சார் ஏற்றத்தில் நான் கியரைக் குறைத்தேன். ஊசி ஐயாயிரத்தைத் தாண்டியது. எஞ்சின் பாடத் தொடங்கிற்று. பெரிய எஞ்சினாக இருந்திருந்தால் அந்த ஏற்றத்தை அது கவனித்தே இராது, நானும் கவனித்திரேன். இதற்கு உழைக்க வேண்டியிருக்கின்றது. உழைக்கும் வேகமோ மணிக்கு எழுபது கிலோமீட்டர்தான். பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார்.

குளிர்சாதனம் பொருத்தவில்லை. மனைவி ஓர் உடன்பாட்டிற்கு வந்திருக்கின்றாள்: மாலை ஏழுக்கு முன் ஏறமாட்டாள். அதனால் தெங்கு கிளானா சாலைக்குப் பசியாறப் போவது இப்போது இரவுப் பழக்கம் ஆகிவிட்டது. நன்கொடைக்குப் போவது மைவியில்தான். ஆயினும் செய்தி பரவாமல் இருக்குமா? துணிக்கடைக்காரர் ஒருநாள், "சார், ஸ்போர்ட்ஸ் காடியாமே? எத்தனை சிசி?" என்றார். "ஆயிரத்து முந்நூறு" என்றேன். "அட, நம்ம பையன் மைவிதானா!" என்று சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கூரையின் பாதிக்குத் தகடு வந்துவிட்டது, மறுபாதி பாக்கி.

காரைப் பொறுத்தவரை இப்போதுள்ள ஒரே குறை இரண்டாம் கியர். காலைக் குளிரில் பல் கடிக்கின்றது. இந்த வகைக் கார்களில் அந்தக் கியரின் இணைப்பு வளையம் முதலில் தேயும் என்பது பலரும் அறிந்தது. எண்ணெய் சூடாகும் வரை, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகுமுன் சற்றுத் தாமதிக்க வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்திலேயே அவர் எழுதிவைத்திருக்கின்றார். ஆண்டிறுதி விடுமுறையில் கியர்ப்பெட்டியை இறக்கிப் பார்க்கலாம் என்று அண்ணன் நாள் குறித்திருக்கின்றார். மகன் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றான்.